இடது கன்னம்

செருப்போடவே போகலாம்மா என்று வாசல் காவலாளி சொல்லிவிட்டார், ஆனாலும் கால் கூசுகிறது, இவ்வளவு பளபளவென்று துடைத்த தரையில் எப்படி நடப்பது, துடைத்தவள் யாரோ, அவள் முட்டி என்ன பாடு பட்டிருக்குமோ, சத்துணவுக் கூடத்தைக் கழுவித் தள்ளவே எனக்கு முட்டி கழன்றுவிடுகிறது. சரி, தேசம்மா, வந்த வேலையைப் பார். உள்ளே வந்தது நான் மட்டும்தான். என் வீட்டுக்காரர் கன்னியப்பன் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். நல்ல பாம்பை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்குகிற மனுஷன், ஒரு சுண்ணாம்புப் பொம்மையைப் பார்க்கப் பயந்துகொண்டு பீடியைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாக இருக்கிறார், சிரிப்பு வருகிறது, சிரிக்கவும் மனசு வரவில்லை. எல்லாம் ஜெசிந்தா மேடம் செய்த வேலை. இந்த நகர வரலாற்றுக் காட்சியகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி, போன வாரம் எங்கள் தெருவுக்கே ஆட்டோ பிடித்து வந்தார். இங்கே நாற்பது வருஷமாக நிற்கிற ‘இருளர் குடும்பம்’ என்கிற நாலு பொம்மைகளை எடுக்கப் போகிறார்களாம். உயிரோடு இருக்கிற ஜனங்களைப் பொம்மை செய்து நிறுத்தி வேடிக்கை காட்டுவது தப்பு என்று இப்போதுதான் தெரிந்ததாம், அதுவாவது தெரிந்ததே. திங்கட்கிழமை உடைத்து அப்புறப்படுத்திவிடுவார்கள். அதில் பிள்ளைகள் இரண்டும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை நிற்கவைத்துப் பார்த்துச் செய்தது, பழைய கோப்பில் கன்னியப்பன், வயது ஒன்பது, தங்கை பூங்காவனம், வயது ஆறு என்று இருக்கிறது, வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை. மணி நாலு ஆகப் போகிறது.

பூங்காவனம் செத்துப்போய் நாற்பது வருஷம் ஆகிறது. அந்தப் பொம்மைக்கு நின்றாளே, அதற்கு அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு போட்டோ கிடையாது, எங்கள் ஜனத்தில் அப்போது யாரை யார் போட்டோ எடுத்தது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்தேழு வருஷமும் அவளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, பார்க்காத அந்த நாத்தனாரோடு மனசுக்குள் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். மாசிப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் எல்லாரும் மணலைக் குவித்துக் கன்னியம்மாவுக்குக் கோயில் கட்டுவோம், இவர் மட்டும் அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் இன்னொரு வீடும் கட்டுவார், பூங்காவனத்துக்கு. கட்டிக்கொண்டே சொல்வார், ரயிலைப் பார்த்தால் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளாம், ஆட்டுக்குட்டிக்குப் பொட்டு வைப்பாளாம், பொம்மை செய்த சிலைக்காரர், ஆடாமல் நிற்கச் சொல்லி, சின்னவளுக்கு மட்டும் தினம் ஒரு கமர்கட்டுத் தருவாராம், அதைச் சாயங்காலம் வரைக்கும் கடிக்காமல் வைத்திருந்து, பாவாடையில் துடைத்து, பல்லால் உடைத்துப் பாதியை அண்ணன் கையில் கொடுப்பாளாம். பிறகு அலை வரும், வீடு போகும், மனுஷன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார். இப்போது மரத்தடியில் நான் கையைப் பிடித்து இழுத்தபோது என்ன சொன்னார். “எனுக்குன்னு மனசுல ஒரு மூஞ்சி கீது மே. அங்க வேற மூஞ்சியா இருந்துச்சுன்னா? அப்பறம் கண்ண மூடனா எது வரும்?” என்றார். அதனால் முதலில் நான் போய்ப் பார்க்க வேண்டுமாம், பூங்காவனம்தான் என்றால் இவர் உள்ளே வருவாராம், எடுத்துப் போவோமாம், இல்லையென்றால் உடைத்துவிடட்டுமாம். “நான் அவள பாத்ததே இல்லியேய்யா, எனுக்கு எப்டித் தெரியும்?” என்றேன். தன் காதைத் தொட்டுக் காட்டினார். “எடது காது. மேல்மடல் மடிஞ்சிருக்கும், வெத்தலைய மடிச்ச மாரி. அத பாத்துக்க” என்றார். ஒரு காதை நம்பி என்னை உள்ளே அனுப்பியிருக்கிறார்.

முதல் அறை முழுக்க வெள்ளைக்காரன் சாமான். கலெக்டர் உட்கார்ந்த நாற்காலி, கலெக்டர் சாப்பிட்ட மேஜை, கலெக்டர் வீட்டுச் சூப்புப் பாத்திரம், அடேயப்பா, எங்கள் பள்ளிக்கூடத்துச் சாம்பார் குண்டான் அளவுக்கு இருக்கிறது, நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு நான் ஊற்றுகிற சாம்பாரை ஒரு குடும்பம் சூப்பாகக் குடித்திருக்கிறது. இதையெல்லாம் யார் விளக்கினார்கள் என்று எழுதியிருக்கிறதா பார்த்தேன், இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, அசதிதான் வந்தது. மனசு வேறே எங்கோ நிற்கிறது. அந்தப் பொம்மையை எங்கே வைப்பது என்று நிற்கிறது. எங்களுடையது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மழை வந்தால் இரண்டும் ஒன்று. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு முழம் இடம், அங்கே அடுத்த மாதம் தூளி கட்ட வேண்டும், என் மகள் அம்சா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அதுதான். இதைத்தான் நான் அவரிடம் சொல்லவில்லை. பிள்ளை பெறப்போகிறவள் படுத்திருக்கிற வீட்டில், ஆறு வயசில் செத்த பிள்ளையின் உருவத்தை நிறுத்தலாமா? விடிந்ததும் அவள் முகத்திலா என் மகள் விழிப்பது? ஒருத்தியைக் கொண்டுபோன காய்ச்சல் இன்னொன்றைத் தேடி வந்துவிட்டால்? சீ, என்ன நினைப்பு. ஆனால் வந்துவிட்டது, வந்த நினைப்பைத் துடைப்பக்கட்டையால் அடித்தா துரத்த முடியும். பஸ்ஸில் வரும்போதே வேண்டிக்கொண்டேன், கன்னியம்மா, அந்தக் காது மடிந்திருக்கக் கூடாது, அது பூங்காவனமாக இருக்கக் கூடாது என்று. பக்கத்தில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிள்ளை மாதிரி. அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்.

அடுத்த அறையில் போட்டோக்கள். எல்லாம் எங்கள் ஆட்கள், இருளர்கள், நூறு வருஷத்துக்கு முந்தியவர்கள், பக்கத்தில் எண் போட்ட கம்பு ஒன்றை நட்டு நிற்கவைத்திருக்கிறார்கள். எவ்வளவு உயரம், மூக்கு எவ்வளவு அகலம், மண்டை எவ்வளவு சுற்றளவு என்று ஒரு துரை அளந்து அளந்து எழுதினானாம், அளந்த இடுக்கியும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, தேங்காய் அளக்கிற மாதிரி மண்டையை அளந்திருக்கிறான். ஆண்கள் எல்லாரும் விறைத்துப்போய் நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும், மூன்றாவது படத்தில், உதட்டை உள்ளே மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்தில் நிற்பவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், துரையின் காலைப் பற்றி, இல்லையென்றால் அவன் தொப்பியைப் பற்றி. அவளுக்குப் பெயர் போடவில்லை, உயரம் போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் ஒரு கைப்பை, சாரைப்பாம்புத் தோல், வெள்ளைக்காரச்சி தோளில் மாட்டுவது. என் அப்பா இப்படி எத்தனை தோல் உரித்துக் கொடுத்திருப்பார். தோல் கப்பலேறிப் போயிற்று, உரித்தவர் செங்கல்பட்டைத் தாண்டினதில்லை. அவர் கை நாற்றம் இந்தக் கண்ணாடிக்குள் வராது, ஆனால் எனக்கு வருகிறது, மூக்கில் அப்படியே ஏறுகிறது, அப்பா சோறு பிசைந்து வாயில் ஊட்டும்போது வருகிற அதே வாடை, எனக்கு அது பிடிக்கும். போதும் தேசம்மா. நீ வேண்டுமென்றே ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நின்று நேரத்தைக் கடத்துகிறாய். அந்தக் கடைசி அறைதான் பாக்கி. போ.

கடைசி அறைக்குள் திரும்பியதும் முதலில் பெரிய பொம்மைகள் இரண்டும் கண்ணில் பட்டன, அப்பனும் ஆத்தாளும், வந்த பயமெல்லாம் ஒரு நிமிஷம் பறந்துபோய்ச் சிரித்துவிட்டேன். அப்பனுக்கு முறுக்கு மீசை. அது அப்போது இங்கே இருந்த காவலாளியின் மீசை, சிலைக்காரர் அவரை உட்காரவைத்துச் செய்தார் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஆத்தாளுக்கு இடுப்பில் இலை, பச்சைப் பெயின்ட் அடித்த இலை. எங்களில் யார் எந்தக் காலத்தில் இலை கட்டினது, கந்தல் புடவையாக இருந்தாலும் புடவை தானே. சிரித்துக்கொண்டே கண்ணைத் தாழ்த்தினேன். அங்கே அவர் நின்றார். என் வீட்டுக்காரர், ஒன்பது வயசு. எனக்கு எந்தக் காதும் தேவைப்படவில்லை, ஒரு அடையாளமும் வேண்டியிருக்கவில்லை. இடது தோள் ஒரு பக்கம் சரிந்து, வயிற்றை முன்னால் தள்ளி, பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறார். புருவம் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு, குழம்பில் உப்புக் கூடிப்போனால் வருமே, அந்த முகம். கையில் வில்லைக் கொடுத்திருக்கிறார்கள். பாவி மனுஷர்களா, எலி வளை தோண்டுகிற கடப்பாறையும் புகை போடுகிற பானையும் தவிர இவர் குடும்பத்தில் வேறு எதையும் தொட்டதில்லை, அன்றைக்கு நின்றதும் ஒட்டடைக் கம்பைப் பிடித்துக்கொண்டுதானாம். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. என் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைக்குத் தினம் இரண்டு முட்டை வைத்திருப்பேன், எந்த அதிகாரி வந்து கேட்டாலும் வைத்திருப்பேன். நெற்றியில் நாற்பது வருஷத் தூசி. முந்தானையை எடுத்துத் துடைத்தேன். “தொடக்கூடாதும்மா” என்று பின்னால் குரல், ஜெசிந்தா மேடம்தான். “திங்கக்கெழம ஒடைக்கப் போறீங்க, நான் தூசி தொடச்சாவா கெட்டுடப் போது?” என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் சின்னதாகப் போய்விட்டது. “தொடச்சுக்கங்கம்மா” என்றார். நான் மறுபடியும் துடைத்தேன், இந்தத் தடவை தூசிக்காக இல்லை.

அவருடைய வலது கையில் வில், இடது கை தங்கச்சி தோளில். எனக்கு அவளைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. குட்டைப் பாவாடை, சூம்பின கால், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறாள். காது, தேசம்மா, காதைப் பார். காது இல்லை. முடி, சடை சடையாகத் திரித்த முடி, இரண்டு பக்கமும் தோள் வரைக்கும் தொங்குகிறது, காட்டு ஜனம் என்றால் தலையில் எண்ணெய் படாது என்று சிலைக்காரருக்கு யார் சொன்னார்களோ. என் கை தானாகப் போயிற்று, முடியை ஒதுக்கிக் காதைப் பார்ப்பதற்கு, அம்சாவின் முடியை எத்தனை ஆயிரம் தடவை இப்படி ஒதுக்கியிருக்கிறேன். விரல் இடித்தது. சுண்ணாம்பு. ஒதுங்கவில்லை. அப்போது என் உள்ளே ஒரு நிம்மதி வந்தது, பொய் சொல்ல மாட்டேன், வந்தது. வெளியே போய், காதே தெரியலய்யா, அது யாரோ வேற பொண்ணு என்று சொன்னால் முடிந்தது. மீசை காவலாளியுடையது, இலை யாருடையதும் இல்லை, வில் பொய், முடி பொய், இத்தனை பொய்யில் முகம் மட்டும் எப்படி உண்மையாக இருக்கும். அவர் நம்பிவிடுவார். நான் என்ன சொன்னாலும் நம்புகிற மனுஷன். திங்கட்கிழமை சுத்தியல் விழும், அம்சா வருவாள், தூளி கட்டுவோம், மாசிக்கு அவர் மணலில் வீடு கட்டுவார். அவர் மனசில் இருக்கிற முகம் அப்படியே இருக்கும், யாருக்கும் நஷ்டம் இல்லை. திரும்பிவிட்டேன், இரண்டு எட்டு வைத்தும்விட்டேன். மேடம், இது அவ இல்ல போலிருக்கு என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் அந்தப் பையன் முறைக்கிறான், உப்புக் கூடின முகத்தோடு என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று தோன்றியது.

அதனால் மறுபடியும் திரும்பினேன், அவனைப் பார்க்க வெட்கப்பட்டுக் கீழே இருந்த பலகையைப் படித்தேன். ‘வில்லேந்திய சிறுவன்.’ ஆமாம், ஏந்தினான். ‘மூலிகை மெல்லும் சிறுமி.’ மூலிகையா? “எந்த மூலிகை மேடம்?” என்று கேட்டேன். ஜெசிந்தா மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “தெரியலம்மா, பழைய போர்டு. கன்னம் உப்பியிருக்கு பாருங்க, ஏதோ பச்சிலைய அடக்கி வச்சிருக்கான்னு எழுதிட்டாங்க போல” என்றார். பச்சிலையை நாங்கள் அரைப்போம், கட்டுவோம், காய்ச்சிக் குடிப்போம், ஆறு வயசுப் பிள்ளை வாயில் யாராவது அடக்கி வைப்பார்களா, கசந்து துப்பிவிடாதா, அப்புறம் என்ன, பல்வலியா, புட்டாளம்மையா, இடது கன்னம் மட்டும் ஒரு கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்திருக்கிறது, கீழே இல்லை, மேலே, கடைவாய்ப் பல்லுக்கு வெளியே ஒதுக்கின மாதிரி, உதடு அதனால் ஒரு பக்கம் இழுபட்டு, அந்த மூலையில் எச்சில் வழிந்துவிடாமல் உறிஞ்சுகிறபோது விழுமே ஒரு சின்னக் குழி, அதுகூட இருக்கிறது. அந்தக் குழியைப் பார்த்ததும் எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. பச்சிலையும் இல்லை, பல்வலியும் இல்லை. கமர்கட்டு. அடி கள்ளி, கமர்கட்டு. ஆடாமல் நிற்கச் சொல்லிக் கொடுத்தாரே அந்தக் கமர்கட்டு, கடிக்காமல் ஒதுக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள், சிலைக்காரரும் கண்ணால் பார்த்ததை அப்படியே செய்துவிட்டார், முடியில் பொய் சொன்னவர், வில்லில் பொய் சொன்னவர், இங்கே வந்ததும் அந்த மனுஷருக்கும் பொய் சொல்ல மனசு வரவில்லை. பார்க்காமல் பண்ண முடியாது இந்தக் கன்னத்தை. இது அவள்தான். நாத்தனாரே, நீதான். உன்னை உடைக்கட்டும் என்றா நான் இரண்டு எட்டு நடந்தேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, ஜெசிந்தா மேடம் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இவளிடமா என் மகளுக்குக் கெடுதல் வரும்? வாயில் வைத்த இனிப்பையே முழுசாகத் தின்னாமல் அண்ணனுக்கு என்று காத்தவளிடமிருந்து? தூளியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் ஆயிற்று. பீரோவை வெளியே போட்டால் ஆயிற்று, அதில் என்ன பட்டும் பீதாம்பரமுமா இருக்கிறது. “ரெண்டும் வேணும் மேடம்” என்றேன். “இவ மட்டும் இல்ல, அவனும். அவன் கை அவ தோள்ல கீது, பிரிச்சா ஒடஞ்சிடும்.” கை உடையும் என்பது நிஜம்தான். ஆனால் அவன் எனக்கு வேண்டும், அந்த முறைப்பும் சரிந்த தோளும் எனக்கே எனக்கு வேண்டும், அதை மேடத்திடம் எப்படிச் சொல்வது.

வெளியே போய் மரத்தடியில் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் எழுந்துவிட்டார், பீடியைக் கீழே போட்டார். “காது மடிஞ்சிருக்கா?” என்றார். “காது தெரியலய்யா, முடி மூடிகினு கீது.” அவர் முகம் விழுந்தது. “நீ வா, வந்து கன்னத்த பாரு” என்று கையைப் பிடித்தேன். இந்தத் தடவை வந்தார். கலெக்டர் நாற்காலியைப் பார்க்கவில்லை, மண்டை அளந்த இடுக்கியைப் பார்க்கவில்லை, சிரிப்பை அடக்குகிற அந்தப் பொம்பளையை மட்டும் வரும் வழியில் நான் காட்டினேன், அதையும் பார்க்கவில்லை. கடைசி அறை வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். காவலாளி சொன்னதெல்லாம் எனக்கும் மறந்துபோய் நானும் கழற்றினேன், பின்னால் வந்த ஜெசிந்தா மேடம் எங்களைப் பார்த்துவிட்டு அவரும் கழற்றினார். தரை சில்லென்று இருந்தது. அவர் பையனைப் பார்க்கவே இல்லை, தன்னையே தாண்டிப் போய்விட்டார். அவளுக்கு முன்னால் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன், விரல்களில் பாம்பு கடித்த தழும்பு. எவ்வளவு நேரமோ. ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் பொம்மைகளின் கால்மாட்டுக்கு வந்துவிட்டது. பிறகு மெல்ல முட்டி போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். அந்தக் கன்னத்தை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார், உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. என்னைத் திரும்பிப் பார்த்து, கண்ணெல்லாம் தண்ணியோடு, “இன்னும் கடிக்கல மே” என்றார். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்து அவள் தாடைக்குக் கீழே நீட்டினார்.

“சாயங்காலம் ஆயிடுச்சு பூங்கா. என் பாதிய குடு.”